கெட்ட மின்சாரம் தேடிச் சீவலப்பேரிக்கு

என் கணினி பேசும் தமிழைப் பற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். அதன் பலனாக, மூன்று ஆண்டுகள் கழித்து, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி சந்திப்பில் கைப்பெட்டியும் குடையுமாக இறங்கி நின்றேன்.

புகார் போனது ஒரு கட்டற்ற இயங்குதளத்தைக் கவனித்துக்கொள்ளும் குழுவுக்கு. கணினியை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். இதை உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்த தமிழைச் சகிக்க முடியவில்லை என்று பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு எழுதினேன். ஆறு மணி நேரத்தில் பதில் வந்தது: "நீங்கள் சொல்வது சரி. திருத்தி அனுப்புங்கள்."

சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவள் நான். புகார் கொடுத்தவரிடமே வேலையை ஒப்படைத்துவிடலாம் என்ற எளிய வழி எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போய்விட்டதே என்று பொறாமையாக இருந்தது. திருத்தி அனுப்பினேன். அதைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றார்கள், சரிபார்ப்பவளும் ஆனேன். இப்போது நெல்லையில் முப்பது பேர் இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதப்போகிறார்கள். இடம், சாப்பாடு, மின்சாரம் மூன்றும் என் பொறுப்பு.

ரயிலடிக்கு எதிரே ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் எடுத்துத் தராமல் என்னை ஒரு முறை பார்த்தார். "குடிக்கவா?" என்றார். குளிக்க என்று சொன்னால் தந்திருப்பார் போல. குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினார், ஆற்றுத் தண்ணீர். சென்னையில் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கும் வழக்கம் எனக்கு. இங்கும் முகர்ந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் மரியாதைக்காக இரண்டு செம்பு குடித்தேன்.

முகாம் நடந்த இடம் பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் உள்ள ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆகையால் மண்டபம் தாராளமாகக் கிடைத்தது. இலை போடும் நீள மேசைகளில் கணினிகளை வைத்துவிட்டு, பந்திக்கு உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்துகொள்ளலாம். சுவரில் 'கை கழுவும் இடம்' என்று அம்புக்குறி. அதன் கீழே இணைய இணைப்புக் கருவியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முகாமை முன்னின்று நடத்தியவர் சுலைமான். காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வளைகுடாவில் கணினி வேலை, ஆறு வாரம் விடுமுறையில் வந்திருந்தார். விடுமுறை எனக்கா அந்த மடிக்கணினிக்கா என்று மனைவி கேட்டதாகவும், அதற்கு விடையாக வீட்டிலிருந்து ஒரு டப்பா தம்மடையோடு கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். ரவையில் செய்த பலகாரம், வாயில் போட்டதும் கரைந்தது. மூன்றாவது துண்டுக்குப் பிறகுதான் அதில் முட்டை இருக்கும் என்பது சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு நினைவு வந்தது. கேட்கவில்லை. தெரியாமல் நடந்த விதிமீறலைத் தெரிந்துகொண்டு பதிவு செய்வது அவசியமில்லை என்பது என் பணிக்காலக் கொள்கை.

வெள்ளி மாலை, ஒரு பெண் கணினிப் பெட்டி ஒன்றைப் பழைய சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இசக்கியம்மாள், சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. யாரோ தந்த எட்டுப் பழைய கணினிகளில் இந்த இயங்குதளத்தைப் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவை அவ்வப்போது நடுவில் நின்றுவிடும். பிறகு எழுப்பினால் கறுப்புத் திரை, எங்கும் போகாது. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டும், பிள்ளைகள் செய்துவைத்ததெல்லாம் போய்விடும். இந்த ஆண்டு மட்டும் நான்கு முறை. பொறுத்துப் பார்த்த நிர்வாகம் எட்டையும் பழைய இரும்புக்குப் போடுவதென்று முடிவெடுத்து, திங்கட்கிழமை வண்டி வரச் சொல்லியிருந்தது.

"ஓடாத சாமானுக்கு ஒரு ரூம் எதுக்குன்னு கேக்காவ மேடம். அவுக கேக்கதும் நியாயந்தான். ஆனா அது ஓடாத சாமான் இல்ல" என்றார். குரலில் கெஞ்சல் இல்லை. எட்டு மாதமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு தட்டையான தொனி. அந்தத் தொனி எனக்குப் பழக்கம். என் மேசைக்கு எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் பேசுவார்கள்.

எட்டு மாதம் முன்பே அவர் இந்தக் குறையைக் குழுவுக்கு எழுதியிருந்தார். அந்தப் பகுதி நிரலைப் பராமரிப்பவர் நார்வேயில் இருக்கிறார். அவர் தன் கணினியில் முயன்று பார்த்துவிட்டு, 'இங்கே நிகழவில்லை' என்று எழுதினார். மறுபடி முயன்றார். மறுபடியும் நிகழவில்லை. போன வாரம் அவர் எழுதியதைச் சுலைமான் தமிழில் படித்துக் காட்டினார்: "உங்களை நம்பவில்லை என்று பொருள் அல்ல. பார்க்காத ஒன்றை என்னால் சரிசெய்ய முடியாது. ஞாயிறு மாலை அடுத்த வெளியீட்டுக்கான பட்டியலைப் பூட்டுகிறேன். அதற்குள் ஆதாரம் வராவிட்டால் இதை மூடவேண்டியிருக்கும். மன்னிக்கவும்."

இதெல்லாம் வெள்ளி மாலைதான் எனக்குத் தெரியும். நிரல் பேச்சு நடக்கும் குழு வேறு, நானிருந்த சாப்பாட்டுக் குழு வேறு.

சனிக்கிழமை காலை முப்பது பேரும் வந்து அமர்ந்தார்கள். கல்லூரி மாணவிகள், ஒரு வங்கி ஊழியர், சாத்தான்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கடைக்காரர் ஒருவர். ஆளுக்கொரு குறையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல நான் மேசைகளைச் சுற்றி வந்தேன். மண்டபத்தில் மின்சாரம் சரியில்லை என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். விடுவேனா? ஒரு மாதத்துக்கு முன்பே உரிய அலுவலருக்கு மனு, அதற்கு நினைவூட்டு, நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு. கடிதத்தின் நடையைப் பார்த்தே இது ஓய்வுபெற்ற யாரோ, விடமாட்டார் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். இரண்டு நாளைக்கு மட்டும் மண்டபத்தை ஒரு மருத்துவமனைக்குப் போகும் தடத்தில் மாற்றி இணைத்துவிட்டார். போதாதென்று இரண்டு ஸ்டெபிலைசர்களையும் வரவழைத்து வைத்தேன். விளக்குகள் ஓவியத்தில் வரைந்தவைபோல எரிந்தன.

மின்சாரம் எப்படி என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். சொன்ன முகங்களில் ஏனோ துக்கம் விசாரிக்க வந்தவர்களின் சாயல்.

மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கறுப்பு உளுந்தின் வாசனையோடு அதைச் சாப்பிட்ட பிறகு நிரல் எழுதுவது மனித சாத்தியம் இல்லை என்பது சமையல்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ரசம் ஊற்ற நான் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தபோது இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நேத்து வரைக்கும் இந்த மண்டபத்துல மணிக்கு நாலு தடவ லைட்டு கண்ணடிக்கும்லே. இன்னைக்கு என்னடான்னா தாலி கட்டப்போற மாப்ள மாதிரி அசையாம நிக்கி."

"கரண்டு ஆபீசுக்கு யாரோ மனு குடுத்திருக்காவளாம்லே."

"எந்த மூதிலே அது?"

அந்த மூதி அவர்களுக்குப் பின்னால் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சுலைமானைப் பிடித்தேன். சொல்லத் தயங்கினார். வயதில் மூத்தவள், பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது, எப்படிச் சொல்வது என்று முப்பது பேரும் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இசக்கியம்மாளின் கணினி நிற்பதற்குக் காரணம் கிராமத்து மின்சாரம் என்று சுலைமான் சந்தேகித்தார். நார்வேயில் அது நிகழாததற்கும் அதுவே காரணம், அங்கே மின்சாரம் தள்ளாடுவதில்லை. ஆகவே தேடித் தேடி, மாவட்டத்திலேயே விளக்கு அதிகம் தள்ளாடும் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார். என்னிடம் இடப் பொறுப்பைக் கொடுத்தபோது இதைச் சொல்ல மறந்துவிட்டார். நான் அதை மாநிலத்திலேயே தள்ளாடாத மண்டபமாக்கிவிட்டேன்.

ஸ்டெபிலைசரைக் கழற்றினோம். பயனில்லை, தடமே சுத்தமாக இருந்தது. சுவிட்சைக் கையால் அணைத்துப் போட்டார்கள், இருபது முறை. கணினி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுந்து உட்கார்ந்தது. "கரண்டு போனா இது பிழைச்சுக்கிடுது மேடம். போகாம குறைஞ்சா என்ன செய்யுதுன்னுதான் தெரியல" என்றார் சுலைமான். மின்னழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் கருவி ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்தது. ஆய்வகச் சாவி துறைத்தலைவரிடம். மறுநாள் ஆடி அமாவாசை, அவர் தர்ப்பணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பழைய தடத்திலேயே மாற்றிவிடச் சொல்லலாமா என்று இசக்கியம்மாள் கேட்டார். வழங்கிய உத்தரவை ரத்து செய்வதற்கு, வழங்குவதற்கு ஆனதைவிட ஒரு கையெழுத்து அதிகம் வேண்டும். அலுவலகமும் திங்கள்தான் திறக்கும். இதை விளக்கினேன். நடைமுறை தெரிந்திருப்பதால் ஒரு லாபம் உண்டு, எதெல்லாம் நடக்காது என்று உடனே சொல்லிவிடலாம்.

இசக்கியம்மாள் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்த சேலையை மடிக்கத் தொடங்கினார். ஒழுங்கான விளக்கொளியில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினியின் முன், தான் சொன்னது பொய்யில்லை என்று காட்டமுடியாமல் நின்றார்.

அப்போது எனக்கு ஒரு தெருக்குழாய் நினைவு வந்தது. தண்ணீர் வருவதில்லை என்று ஒரு பெண் மூன்று முறை எழுதியிருந்தாள். ஆய்வுக்குப் போனேன். அலுவலக வண்டி கிடைக்கும் நேரம் பகல் பதினொன்றரை, ஆகவே அந்த நேரத்தில் போனேன். குழாயைத் திருகினேன், தண்ணீர் கொட்டியது. அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விடிகாலையில் வந்து பாருங்கள் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த ஆய்வுக்கு நேரமாகிவிட்டது. கோப்பில் எழுதினேன்: 'நேரில் ஆய்வு செய்ததில் குறை ஏதும் காணப்படவில்லை. முடிவு செய்யலாம்.' அந்த வரியை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று தெரியாது. ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் நேரில் பார்த்து எழுதியதுதான். நார்வேக்காரரிடம் எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் அதுதான். அவராவது மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.

"உங்க ஊரில் எத்தனை மணிக்கு இது நிற்கும்?" என்று இசக்கியம்மாளைக் கேட்டேன்.

மடித்த சேலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை என்றார் பிறகு. "மணின்னு இல்ல மேடம். வயக்காட்டு மோட்டாரு எறங்குத நேரத்துல நிக்கும்."

மோட்டார் இறங்குவது என்றால் எல்லா மோட்டார்களும் ஒன்றாக ஓடத் தொடங்குவது. வயல்களுக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும். எப்போது வரும் என்று காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. அதனால் மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும்படி எல்லோரும் மோட்டார்களில் தானியங்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் அத்தனையும் ஒரே நொடியில் மூச்சை இழுத்தால், மீதி இருக்கும் விளக்குகளுக்கு மூச்சுத் திணறத்தானே செய்யும்? சுலைமான் எழுந்துவிட்டார். பள்ளி ஞாயிறு பூட்டியிருக்கும், ஆனால் இசக்கியம்மாளின் கணவருக்கு மாமா ஒருவர், முருகையா என்று பெயர், வயலில் மோட்டார் அறை வைத்திருக்கிறார்.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் மண்டபத்து வாசலில் சீவலப்பேரி பஸ்ஸுக்கு நின்றோம். மற்றவர்கள் தங்கள் குறைகளோடு மண்டபத்தில் இருந்தார்கள். ஆட்டோவில் போகலாம் என்று நான் சொன்னதற்கு, அமாவாசையன்று ஆட்டோ கிடைத்தால் முதலில் அதைப் போட்டோ எடுப்பேன் என்றார் சுலைமான். வந்த பஸ், பித்ருக்களுக்குத் தண்ணீர் இறைக்க இரண்டு ஆறு சேரும் இடத்துக்குப் போகும் கூட்டத்தால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எள் பொட்டலம், வாழைக்காய், தர்ப்பைக் கட்டுகளுக்கு நடுவே இசக்கியம்மாள் கணினிப் பெட்டியை இடுப்பில் வைத்து ஏறினார். சுலைமான் தலைக்கு மேலே திரையைத் தூக்கிப் பிடித்திருந்தார். எனக்கு விசைப்பலகை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் என்னை "ஆச்சி, உள்ள போங்க" என்றார். சென்னையில் நான் மேடம், ரயிலில் நான் அம்மா. ஆறு கிலோமீட்டரில் ஆச்சி ஆகிவிட்டேன். அடுத்து நின்ற பெரியவர் பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு இசக்கியம்மாளிடம் கேட்டார்.

"என்னம்மா அது?"

"கம்ப்யூட்டரு."

"ஓடுமா?"

"ஓடும். ஓடாம ஆக்கத்தான் கொண்டு போறோம்."

பெரியவர் யோசித்தார். "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? இங்கன வண்டிலயே கீழ போட்டா ஆவாதா?"

பஸ் சிரித்தது. பாதி வழியில் டயர் ஒன்று காற்றிறங்கிப்போனது. எல்லோரும் இறங்கினோம். தர்ப்பணத்துக்கு நேரமாகிறது என்று ஒருவர் கண்டக்டரைத் திட்ட, "உங்க தாத்தா இவ்வளவு வருஷம் பொறுத்தவரு, அரைமணி பொறுக்க மாட்டாரா?" என்றார் கண்டக்டர். சாலையின் இரு பக்கமும் ஆடிக்காற்று பயிரைப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் கணினியின் மேல் தூசி விழாமல் மூடியபடி இசக்கியம்மாள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்ததுபோல இருந்தது அவர் உட்கார்ந்த விதம். திங்கட்கிழமைக்கு ஒரு பகல்தான் பாக்கி.

முருகையா வாய்க்கால் கரையில் எங்களுக்காக நின்றிருந்தார். அறுபது வயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நடந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் நின்றுவிட்டார்.

"நல்ல கரண்டு வேணும்னு மனு எழுதச் சொல்லி ஆள் கூட்டிட்டு வருவாவ. கெட்ட கரண்டு கேட்டு வந்தது நீங்கதான். இங்கன அதுக்குப் பஞ்சமே இல்ல, எவ்வளவு வேணும்?"

நல்ல மின்சாரத்துக்கு மனு எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

மோட்டார் அறை நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சுவிட முடியாத அளவு. உர மூட்டையின் மேல் கணினி, சுவர் மாடத்தில் திரை. மோட்டாரின் மேல் எவரோ எப்போதோ வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. கணினி நின்றுபோனால் அது கடைசியாக என்ன நினைத்தது என்பதைப் பிடித்துவைக்க, ஒரு கம்பி வழியாகத் தன் மடிக்கணினியை அதோடு இணைத்தார் சுலைமான். அது மின்கலத்தில் ஓடுவது, மூச்சுத் திணறலில் சிக்காது. பிறகு காத்திருந்தோம். முருகையா வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது, கூடவே முந்திரிக்கொத்து. அது பல்லுக்குப் பரீட்சை, நான் தேர்ச்சி பெறவில்லை.

பன்னிரண்டே காலுக்கு மும்முனை வந்தது. எங்கள் காலடியிலிருந்த மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. தூரத்தில் ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று. மேலே தொங்கிய குண்டு விளக்கு மஞ்சளாகி மறுபடி வெளுத்தது. கணினி ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வரைந்த மயில் ஒன்று திரையில் தோகையை அசைத்துக்கொண்டே இருந்தது. இசக்கியம்மாள் வெளியே போய்க் கரையில் நின்றுகொண்டார்.

"பைய இருங்க" என்றார் முருகையா. "இது மொத எறக்கம். காத்து அடிக்கி, ஒயரு ஒண்ணோட ஒண்ணு ஒரசும். போயிட்டு வரும் பாருங்க, அதுதான் நெசமான எறக்கம்."

கால் மணி கழித்துப் போனது, போய் மூன்று நொடியில் வந்தது. ஓட்டம் அடங்காமலிருந்த எல்லா மோட்டார்களும் ஒரே சமயத்தில் எழுந்தன. விளக்கு சிவந்த நூலாகச் சுருங்கியது. கணினி அணையவில்லை, திரையும் அணையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம், நகம் கடிப்பதுபோல. மயில் அப்படியே நின்றது. இசக்கியம்மாள் உள்ளே ஓடிவந்தார். சுட்டியை அசைத்தார், அசையவில்லை. "இதுதான்" என்றார். "இதேதான் மேடம்."

சுலைமான் மடிக்கணினியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தொடையில் தட்டிச் சிரித்தார். "மௌத்தாகல மேடம். சாகல, மயங்கி விழுந்து எந்திரிக்குது."

விஷயம் இதுதான். மின்னழுத்தம் குறையும்போது கணினி தாக்குப்பிடித்துவிடுகிறது, தகவல்களை வைத்திருக்கும் வட்டு மட்டும் ஒரு நொடி மயங்குகிறது. மயக்கம் தெளிந்து எழுந்ததும் தன் பெயரை மாற்றிச் சொல்கிறது. இயங்குதளமோ, இது யாரோ புதிய ஆள், பழைய ஆள் வரட்டும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது. அரைகுறையாக எழுதியதை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பதால்தான் பிறகு எழுப்பும்போதும் கறுப்புத் திரை. அடையாள அட்டை சரியாக இருந்தும் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது என்று ஓய்வூதியதாரரைத் திருப்பி அனுப்பும் அலுவலரை எனக்குத் தெரியும். நடைமுறை என்றால் எனக்கு எப்போதும் உடனே புரியும்.

இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றேன். ஒரு தடவை நடந்தால் விபத்து என்பார்கள், இரண்டு தடவை நடந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். கணினியை மறுபடி தயார்செய்ய ஒரு மணி நேரம் ஆனது. முருகையா காற்றை நம்பவில்லை. பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேருக்குப் போன் செய்தார். "ஏலே, மோட்டார அணைச்சு வையி. நான் சொல்லும்போது போடு. எதுக்கா? ஒரு டீச்சரு பாவம், கேள்வி கேக்காத." வாய்க்கால் கரையில் ஏறி நின்று துண்டை வீசினார். ஆறு மோட்டார்கள் ஒன்றாக எழுந்தன. நகம் கடிக்கும் சத்தம். மயில் நின்றது.

மணி மூன்று. பட்டியல் மாலையில் பூட்டப்படும். வட்டின் பேச்சையெல்லாம் சுலைமான் கோப்பாக்கினார். கூடவே ஒரு குறிப்பு வேண்டும்: எங்கே, எப்போது, எப்படி நிகழ்கிறது. "அத நீங்க எழுதுங்க மேடம். நான் இங்கிலீஷாக்கி அனுப்புதேன்" என்றார்.

இன்னொரு உர மூட்டையில் உட்கார்ந்து, விசைப்பலகையைச் சுலைமானின் மடிக்கணினியில் மாட்டி மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். நாள், நேரம், இடம். அறையிலும் சுற்றிலும் உள்ள மோட்டார்களின் எண்ணிக்கை. விளக்கின் நிறம் மாறிய விதம். முதல் இறக்கத்தில் நிகழவில்லை என்பதையும் எழுதினேன், அதை விட்டால் அது ஆய்வு ஆகாது. பார்த்தவர்கள் பெயர்களை எழுதும்போது இசக்கியம்மாள் பெயரை முதலில் போட்டேன். இது எட்டு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருப்பது என்றும் சேர்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கை தானாகவே பழைய வாக்கியத்தைத் தொடங்கிவிட்டது. 'நேரில் ஆய்வு செய்ததில் குறை' என்பது வரை வந்து நின்றது. அந்த இடத்துக்குப் பிறகு வேறு மாதிரி எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'காணப்பட்டது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

அறைக்குள் இணையம் எட்டவில்லை. வாய்க்கால் கரையில், முருகையா துண்டு வீசிய அதே இடத்தில் நின்று சுலைமான் அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. நார்வேக்காரருக்கு வார்த்தைச் செலவு பிடிக்காது: "இப்போது எனக்கும் தெரிகிறது. இது உண்மை. திறந்தே வைக்கிறேன். தீர்வு இருந்தால் அனுப்புங்கள்." திரும்பும் பஸ்ஸிலேயே நின்றபடி சுலைமான் தீர்வை எழுதத் தொடங்கினார். பெயரைக் கேட்காதே, அடையாளத்தைப் பார் என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏழு வரிகள். மண்டபத்தில் இரண்டு பேர் அதைச் சரிபார்த்தார்கள். சாத்தான்குளத்துக் கடைக்காரர் ஒரு வரியைத் தப்பென்றார், தப்புதான். திருத்தி, விளக்கு வைக்கும் நேரத்தில் அனுப்பினார்கள். அந்தத் திருத்தத்தை அதே கணினியில் போட்டுக்கொண்டு இசக்கியம்மாள் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் ஊருக்குப் போனார். பழைய சாமான்களைக் கழிக்க மூவர் குழு கூடவேண்டும், விலைப்புள்ளி பெறவேண்டும், நிர்வாகத்தை நான்கு மாதம் நிறுத்திவைக்க ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னதை அவர் வேண்டாம் என்றுவிட்டார். "ஓடிக் காட்டுதேன் மேடம். அது போதும்."

திங்கள் மாலை ரயிலில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. முருகையா மாமா பள்ளிக்கூடம் நடந்த நேரத்தில், நிர்வாகிகளை வகுப்பறையில் நிற்கவைத்துவிட்டு, வயலில் ஆறு மோட்டார்களையும் ஒன்றாக ஓடவிட்டிருக்கிறார். விளக்கு சிவந்தது, மயில் ஒரு நொடி நின்று பிறகு அசைந்தது. வண்டி உடைந்த பெஞ்சுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. காலாண்டுத் தேர்வு வரை பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். காலாண்டுக்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லையாம், அவரும் கேட்கவில்லையாம்.

அதன் கீழே சுலைமான் அனுப்பிய இன்னொரு செய்தி. என் குறிப்பை அவர் ஆங்கிலமாக்கியபோது கடைசி வரியை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தமிழிலேயே விட்டுவிட்டாராம். அந்த வரிக்கு என்ன பொருள் என்று நார்வேயிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

ரயில் கங்கைகொண்டானைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருக்குழாயைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு, 'நீங்கள் சொன்னது சரி என்று பொருள். அந்த வரி இசக்கியம்மாளுக்கு எழுதியது' என்று பதில் அனுப்பினேன்.